கல்லூரியில் படிக்கும்போதே பாடம் சொல்லிக்கொடுக்க ஆறு வழிகள்: எது யாருக்குப் பொருந்தும்?

இளங்கலை படித்துக்கொண்டே யாருக்காவது பாடம் எடுக்கலாம் என்று நினைப்பவர்கள் கேட்கும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். வீட்டுக்குப் போய் டியூஷன் எடுக்கட்டுமா, சென்டரில் சேரட்டுமா, ஆன்லைன் போதுமா, துறையில் ஜூனியர்களுக்கு எடுக்கச் சொல்கிறார்கள், காசு கம்மி, போகலாமா? பேச்சு எப்போதும் மணிக்கு எவ்வளவு என்பதில் தொடங்குகிறது. நியாயமான கேள்விதான். படிக்கும் வயதில் கையில் சொந்தக் காசு இருப்பது பெரிய விஷயம். ஆனால் அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து ஒப்புக்கொண்டவர்கள் இரண்டாவது மாதமே திணறுவதை நிறையப் பார்க்கலாம்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முதல் முறையாகக் கற்பிக்கப் போகிறவர், தான் பாடம் எடுப்பதைப் பார்த்துத் திருத்த ஒருவர் இருக்கும் இடத்தில் தொடங்குவது நல்லது. காசு கொஞ்சம் குறைந்தாலும் பரவாயில்லை. ஏன் என்று கீழே போகப் போகத் தெரியும்.

## எதை வைத்து அளப்பது

உண்மையான மணிக்கூலி. மணிக்கு 100 என்று பேசியிருக்கிறார்கள் என வைத்துக்கொள்வோம், எந்த நாணயமானாலும் சரி. வகுப்பு 60 நிமிடம். போய்வர 40 நிமிடம். முந்தைய இரவு பாடத்தைப் புரட்டிக் கணக்குகளைத் தேர்ந்தெடுக்க 30 நிமிடம். பெற்றோரின் செய்திகளுக்குப் பதில், நடுவில் மாணவர் அனுப்பும் சந்தேகம் எல்லாம் சேர்த்து 15 நிமிடம். மொத்தம் 145 நிமிடம். அப்படியானால் மணிக்கு 41தான் கிடைக்கிறது. எந்த வாய்ப்பையும் இந்தக் கணக்கில் ஒருமுறை போட்டுப் பார்க்காமல் தலையாட்ட வேண்டாம்.

உங்கள் தேர்வோடு மோதுமா. மாணவருக்கு நீங்கள் அதிகம் தேவைப்படும் வாரங்களும் உங்களுக்குத் தேர்வு வரும் வாரங்களும் பல சமயம் ஒன்றாக வந்து நிற்கும். அந்த வாரங்களில் வகுப்பைக் குறைக்க முடியுமா என்பது சம்பளத்தைவிட முக்கியம்.

நீங்கள் என்ன கற்றுக்கொள்வீர்கள். சொல்லிக்கொடுத்தால் நமக்கே பாடம் நன்றாகப் புரியும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. கற்பிப்பவர் தானும் எப்படிக் கற்கிறார் என்பது பற்றிய ஆய்வுகளை ராட் ரோஸ்கோவும் மிஷலின் சீயும் 2007-ல் தொகுத்துப் பார்த்தார்கள். சக மாணவருக்குச் சொல்லிக்கொடுப்பவர்கள் பெரும்பாலும் தெரிந்ததை அப்படியே ஒப்பிக்கிறார்கள், யோசித்து விளக்கும்போதுதான் அவர்களுக்கும் லாபம் என்பது அவர்கள் கண்டது.

வித்தியாசம் எப்படி இருக்கும் என்று ஒரு கணக்கில் பார்க்கலாம். மாணவர் 1/2 + 1/3 = 2/5 என்று எழுதுகிறார். மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறார். "இல்லப்பா, எல்சிஎம் எடுக்கணும்" என்று சொல்லி 5/6 என்று நீங்களே எழுதிக் காட்டினால் அவர் தலையாட்டுவார், அடுத்த கணக்கைச் சரியாகவும் போடுவார். அடுத்த வாரம் 1/4 + 1/5 கொடுத்துப் பாருங்கள், 2/9 என்று வந்து நிற்கும். அதற்குப் பதிலாக, "பாதியோட இன்னும் கொஞ்சம் சேர்த்திருக்க. உன் விடை பாதியைவிடப் பெருசா, சின்னதா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். ஒரு பட்டையை வரைந்து ஐந்தாகப் பிரித்து, அதில் இரண்டைத் தீட்டி, அது பாதிகூட வரவில்லை என்பதை அவரே பார்ப்பார். இப்படி ஒரு கேள்வியைத் தயார்செய்ய நீங்கள் பின்னங்களைப் பற்றிப் புதிதாக யோசித்திருக்க வேண்டும். அந்த யோசனைதான் உங்களுக்குக் கிடைக்கும் கல்வி. அதற்கு நேரம் விடும் வேலை எது, விடாத வேலை எது என்பதை ஒப்பிடும்போது பாருங்கள்.

பின்னால் காட்ட என்ன இருக்கும். பரிந்துரைக் கடிதம், அனுபவச் சான்று, உங்கள் வகுப்பைப் பார்த்த ஒரு பேராசிரியர்.

பொறுப்பும் விலகும் வழியும். சிறுவர்களுக்கு எடுக்கும்போது அவர்களின் பாதுகாப்பு, உங்கள் பாதுகாப்பு இரண்டும் இருக்கின்றன. நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் யாருக்கு என்ன நஷ்டம் என்பதும் இருக்கிறது.

## சட்டம் அனுமதிக்கிறதா

இதைக் கடைசியில் பார்ப்பவர்கள்தான் அதிகம். வெளிநாட்டில் படிப்பவர்கள் முதலில் விசா நிபந்தனையைப் படியுங்கள். அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வகுப்புகள் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் வாரம் 20 மணி நேரம் வரை வேலை செய்யலாம். வெளியே காசு வாங்கி டியூஷன் எடுக்கத் தனி அனுமதி வேண்டும். பிரிட்டனில் மாணவர் விசாவில் சுயதொழில் கூடாது, நீங்களாக ஆள் பிடித்து எடுக்கும் டியூஷன் அதில்தான் வரும். இந்தியாவில் மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோச்சிங் மைய நெறிமுறைகள், பட்டப்படிப்பு முடிக்காதவரை ஆசிரியராக வைக்கக் கூடாது என்கின்றன. 50 மாணவர்களுக்கு மேல் படிக்கும் மையங்களுக்கானது அது. ஆகவே பெரிய மையம் ஒன்று இரண்டாம் ஆண்டு மாணவரை ஆசிரியர் என்று சொல்லி வகுப்பில் நிறுத்தினால் யோசிக்க வேண்டும்.

## 1. ஒருவருக்கு மட்டும், நேரில்

இதற்கு இருக்கும் மதிப்பு சும்மா வந்ததில்லை. அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் பெஞ்சமின் புளூம் 1984-ல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரை, தனியாகப் பயிற்சி பெற்ற சராசரி மாணவர் சாதாரண வகுப்பில் இருந்தவர்களில் 98 சதவீதம் பேரைத் தாண்டினார் என்றது. பிறகு வந்த ஆய்வுகள் அவ்வளவு பெரிய பலனைக் காணவில்லை. கர்ட் வான்லேன் 2011-ல் பல ஆய்வுகளைத் தொகுத்தபோது கிடைத்த அளவு 0.79 திட்ட விலக்கம். 100 பேரில் நடுவே நிற்கும் ஒருவர் 78 பேரைத் தாண்டுவதற்குச் சமம் அது. இதுவும் மிக நல்ல பலன்தான். ஆனால் பெற்றோரிடம் மதிப்பெண் வாக்குறுதி கொடுக்கும்முன் இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கும் தூரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆய்வுகளில் கற்பித்தவர்கள் பலர் பயிற்சி பெற்றவர்கள், நீங்கள் இப்போதுதான் தொடங்குகிறீர்கள்.

ஒரே மாணவரோடு உட்கார்ந்தால் மேலே சொன்ன மாதிரிக் கேள்விகளுக்கு நேரம் நிறைய உண்டு. ஒருவர் எப்படி யோசிக்கிறார், எங்கே சறுக்குகிறார் என்பதை இவ்வளவு கிட்டத்தில் பார்க்க வேறு எங்கும் முடியாது. பேசிய கூலியும் இதில்தான் பெரும்பாலும் அதிகம்.

மறைந்த செலவுகள் மெதுவாக வரும். கடைசி நிமிட ரத்துதான் முதலாவது. கிளம்பிப் பாதி வழி போன பிறகு "இன்னைக்கு வேண்டாம்" என்று செய்தி வரும், அந்தச் சாயங்காலம் போனது போனதுதான். அப்புறம் வேலை பெருகுவது. கணக்குக்கு மட்டும் என்று பேசியிருப்பீர்கள், ஒருநாள் "அப்படியே இயற்பியலும் பாத்துடுங்களேன்" என்பார்கள், இன்னொரு நாள் "சின்னவனும் பக்கத்துல உக்காந்துக்கட்டும்" என்பார்கள். மறுக்கக் கூச்சமாக இருக்கும். மாதக் கடைசியில் பணத்தை நினைவூட்டவும் கூச்சமாக இருக்கும். மாத ஆரம்பத்திலேயே வாங்கிவிடுவது என்று முதல் நாளே பேசிவிட்டால் அந்தச் சங்கடம் இல்லை.

மிகப் பெரிய குறை, நீங்கள் தவறாகச் சொல்லிக்கொடுத்தாலும் அதைக் கவனிக்க அங்கே யாரும் இல்லை என்பது. அதனால்தான் இதை இரண்டாவது வேலையாக வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். வீட்டில் பெரியவர் இல்லாத நேரத்தில் வகுப்பு வைக்காதீர்கள். அறைக் கதவு திறந்தே இருக்கட்டும். இது இரு தரப்புக்கும் நல்லது, இதைக் கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

ஒரு பாடத்தில் நல்ல பிடிப்பு வந்த பிறகு, நடந்து போகும் தூரத்தில் ஓரிருவர் கிடைத்தால் இதைவிட நல்ல வழி இல்லை.

## 2. சிறு குழு

ஒரே வகுப்பில் படிக்கும் நாலைந்து பேர், ஒரே பாடம். ஒவ்வொருவரும் தனி டியூஷனுக்குக் கொடுப்பதில் பாதி கொடுத்தாலும் நான்கு பேருக்கு 200 ஆகிறது. வகுப்பு 90 நிமிடம், தயாரிப்பு 45, தாள் திருத்த 45 என்றால் மணிக்கு சுமார் 67. வெறும் பணக்கணக்கு பார்த்தால் இந்தப் பட்டியலில் இதற்குத்தான் முதலிடம். மாணவர்களும் ஒருவரையொருவர் திருத்திக்கொள்வார்கள், நீங்கள் பேசுவது குறையும்.

ஆனால் இடம் வேண்டும், உங்கள் வீடு என்றால் வீட்டில் இருப்பவர்கள் மனதார ஒத்துக்கொள்ள வேண்டும். நால்வரும் ஒரே நிலையில் இருப்பது அபூர்வம். ஒருவர் முடித்துவிட்டுச் சும்மா இருப்பார், ஒருவர் முதல் வரியிலேயே நிற்பார். இருவருக்கும் சேர்த்துத் திட்டமிடத் தெரியாவிட்டால் வகுப்பு கைமீறும். இன்னொன்று, நண்பர்களாகச் சேர்ந்தவர்கள் நண்பர்களாகவே விலகுவார்கள். ஒருவர் நின்றால் அடுத்த வாரம் இன்னொருவரும் வரமாட்டார், வருமானம் ஒரே மாதத்தில் பாதியாகிவிடும்.

## 3. டியூஷன் சென்டர்

மாணவர்களைத் தேட வேண்டாம், சம்பளம் மாதாமாதம் வரும், மூத்த ஆசிரியர்கள் எப்படி எடுக்கிறார்கள் என்று பார்க்கலாம். இவை நிஜமான நன்மைகள். ஆனால் வேலை என்ன என்று தெளிவாகக் கேளுங்கள். சந்தேகம் தீர்ப்பதும் தாள் திருத்துவதும் உங்கள் நிலைக்குப் பொருத்தமான வேலைகள், கற்றுக்கொள்ளவும் நிறைய இருக்கும். வராத ஆசிரியருக்குப் பதிலாக எந்த வகுப்பிலும் போய் நிற்பதுதான் வேலை என்றால் நீங்கள் அங்கே கற்பது குறைவு, மாணவர்களுக்கும் நன்மை இல்லை.

கையெழுத்துப் போடும்முன் மூன்றைப் பாருங்கள். நடுவில் விலகினால் சம்பளத்தைப் பிடிக்கிறார்களா? விலகிய பிறகு அங்கே படித்த மாணவர்களுக்குத் தனியாக எடுக்கக் கூடாது என்று நிபந்தனை இருக்கிறதா? அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்களா? மூன்றாவதற்கு ஆம் என்று பதில் வந்தால் அங்கே சேரவே வேண்டாம்.

## 4. ஆன்லைன்

பயண நேரம் இல்லை என்பதே பெரிய மிச்சம். மாணவர்களைச் சேர்த்துவிடும் இணையதளம் 25 சதவீதம் கமிஷன் எடுத்தாலும், 60 நிமிட வகுப்புக்கு முன்னும் பின்னும் 30 நிமிடம் ஆகிறது என்றால், 100-க்குப் பேசிய வகுப்பு மணிக்கு 50 தரும். நேரில் போய் எடுத்த தனி டியூஷனைவிட அதிகம். ஆனால் இது மாணவர்கள் சேர்ந்த பிறகு உள்ள கணக்கு. ஆரம்பத்தில் இலவச அறிமுக வகுப்புகளும் காத்திருப்பும்தான் இருக்கும், மாணவர்கள் உங்களுக்குத் தரும் முதல் சில மதிப்பீடுகள் சரியாக வராவிட்டால் மேலே வருவது கஷ்டம். தளத்தின் விதியோ ஒரு நாட்டின் சட்டமோ மாறினால் எல்லாம் ஒரே நாளில் நிற்கலாம். சீனா 2021 ஜூலையில் பள்ளிப் பாடங்களுக்கான லாபநோக்கு டியூஷனுக்குக் கடும் கட்டுப்பாடு கொண்டுவந்தபோது, வெளிநாடுகளிலிருந்து அந்த நாட்டுக் குழந்தைகளுக்கு ஆங்கிலம் எடுத்துவந்த ஏராளமானோருக்கு வேலை போனது.

கற்பிக்கும் தரத்திலும் ஒரு சிக்கல் இருக்கிறது. திரையில் மாணவரின் முகம் தெரியும், கை தெரியாது. கணக்கில் எங்கே பென்சில் தயங்கி நின்றது, எதை எழுதி அடித்தார் என்பது தெரியாமல் விடையை மட்டும் கேட்டால், பாதி தகவல் கையைவிட்டுப் போகிறது. ஒரு பழைய போனைப் புத்தக அடுக்கின் மேல் வைத்து, கேமரா நோட்டைப் பார்க்கும்படி திருப்பி, அதிலிருந்தும் அழைப்பில் சேரச் சொல்லுங்கள். செலவே இல்லாத இந்த ஏற்பாடு வகுப்பையே மாற்றிவிடும்.

"ஹோம்வொர்க் உதவி" என்ற பெயரில் வரும் வேலைகளில் கவனம் தேவை. அசைன்மென்டை நீங்களே எழுதிக் கொடுப்பதற்குக் காசு என்றால், அது கற்பித்தலில் சேராது. ஆஸ்திரேலியா 2020-லும் இங்கிலாந்து 2022-லும் காசுக்கு இப்படி எழுதித் தரும் சேவையைச் சட்டப்படி குற்றமாக்கின. உங்கள் கல்லூரிக்குத் தெரிந்தால் உங்கள் பட்டத்துக்கே ஆபத்து. அவசரம், கூலி இரட்டிப்பு என்று வந்தாலும் தொடாதீர்கள்.

## 5. கல்லூரிக்குள்ளேயே

பலரும் "காசு கம்மி" என்று தாண்டிப் போவது இதைத்தான். நான் முதலில் கைகாட்டுவதும் இதைத்தான்.

கொஞ்சம் முன்னால் படித்தவர் பின்னால் வருபவருக்குச் சொல்லிக்கொடுப்பது பழைய வழக்கம். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னையில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளி ஒன்றை நடத்திய ஆண்ட்ரூ பெல் இதைப் பயன்படுத்திப் பார்த்தார், பிரிட்டனில் அது "மெட்ராஸ் முறை" என்றே பரவியது. இன்று கல்லூரிகளில் இருக்கும் வடிவங்களில் இரண்டைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஒன்று, 1973-ல் மிசூரி பல்கலைக்கழகத்தின் கான்சாஸ் சிட்டி வளாகத்தில் டியானா மார்ட்டின் தொடங்கிய துணைப் பயிற்சி முறை. அதில் பலவீனமான மாணவர் யார் என்று தேடுவதில்லை, பலர் தோற்கும் பாடம் எது என்று தேடுகிறார்கள். அந்தப் பாடத்தில் முன்பே நன்றாகத் தேறிய மாணவர் மறுபடியும் அதே வகுப்பில் போய் உட்கார்ந்து குறிப்பெடுக்கிறார், வாரந்தோறும் குழுவாகப் படிக்கும் நேரத்தை நடத்துகிறார். யார் வேண்டுமானாலும் வரலாம் என்பதால் வருபவருக்கு வெட்கம் இல்லை.

இன்னொன்று, கொலராடோ பல்கலைக்கழகத்தின் போல்டர் வளாகத்தில் வளர்ந்த கற்றல் உதவியாளர் முறை. இளங்கலை மாணவர்கள் வகுப்பில் சிறு குழுக்களோடு உட்கார்ந்து உதவுகிறார்கள், வாரம் ஒருமுறை பேராசிரியரோடு சேர்ந்து அடுத்த வாரத்துக்குத் தயாராகிறார்கள், கூடவே கற்பிப்பது எப்படி என்று ஒரு பாடமும் படிக்கிறார்கள்.

இரண்டிலும் உங்களைக் கவனித்துத் திருத்த ஆள் இருக்கிறார். "நீயே விடை சொல்லிவிட்டாய், அவரைச் சொல்ல விட்டிருக்கலாம்" என்று ஒருவர் ஒருமுறை சொன்னால், ஒரு வருடம் தனியாக டியூஷன் எடுத்தும் தெரியாதது தெரிந்துவிடும். பழைய பாடத்தை மறுபடி கேட்பது மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்கும் உதவும். நீங்கள் கற்பிப்பதைக் கண்ணால் பார்த்த பேராசிரியர் எழுதும் கடிதத்தில் "நல்ல மாணவர்" என்பதைத் தாண்டி எழுத விஷயம் இருக்கும். ஆய்வக உதவியாளர், தாள் திருத்துபவர், எழுத்துப் பயிற்சி மையம் போன்றவையும் இந்த வகைதான். ஆனால் தாள் திருத்துவதில் மாணவரோடு பேசுவது குறைவு.

குறைகளும் உண்டு. சில இடங்களில் சம்பளம் கிடையாது, கிரெடிட் மட்டும்தான். நல்ல மதிப்பெண் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். வாரக்கணக்கில் இரண்டு பேர் மட்டும் வந்துவிட்டு, தேர்வுக்கு முந்தைய நாள் முப்பது பேர் வந்து நிற்பார்கள். நண்பர்களே மாணவர்களாக வரும்போது யார் எதில் தடுமாறுகிறார் என்பதை வெளியே பேசாமல் இருக்கும் கட்டுப்பாடு வேண்டும்.

உங்கள் கல்லூரியில் இப்படி எதுவும் இல்லையென்றால் கேட்டுத் தொடங்கலாம். பெரிய திட்டம் வேண்டாம். அதிகம் பேர் தோற்கும் ஒரு பாடம், வாரம் ஒரு மணி நேரம், ஒரே அறை, பார்த்துக்கொள்ள ஒரு ஆசிரியர். துறைத் தலைவரிடம் இந்த நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கொண்டுபோனால் மறுப்பது கடினம்.

## 6. தன்னார்வமாக

மனதுக்கு நிறைவானது, ஆனால் இலகுவாக எடுத்துக்கொள்ளக் கூடாதது. 2020-ல் 96 ஆய்வுகளைத் தொகுத்த நிக்கோ, ஒரியோபவுலோஸ், குவான் மூவரும், ஆசிரியர்களோ பயிற்சி பெற்ற உதவியாளர்களோ எடுக்கும் வகுப்புகளின் பலன் தன்னார்வலர்கள் எடுப்பதைவிட அதிகம் என்றும், பள்ளி நேரத்தில் நடப்பவை பள்ளி முடிந்து நடப்பவற்றைவிட அதிகப் பலன் தருகின்றன என்றும் கண்டார்கள். ஆகவே பயிற்சி தரும் அமைப்பாகப் பார்த்துச் சேருங்கள். ஒரு பருவம் முழுக்க வர முடியாது என்றால் வகுப்பை எடுக்காதீர்கள், பாடப் பொருட்கள் தயாரிப்பது போன்ற வேலை கேளுங்கள். பழகிய ஆள் திடீரென்று வராமல் போவது சிறு பிள்ளைகளைப் பாதிக்கும்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்

| வழி | செலவு போக வருமானம் | நேர நெகிழ்வு | திருத்த ஆள் | பின்னால் காட்ட | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|---|---|
| தனி டியூஷன் | நடுத்தரம் | பேசிக்கொள்ளலாம் | இல்லை | குறைவு | ரத்து, பயணம், வேலை பெருகுதல் |
| சிறு குழு | அதிகம் | குறைவு | இல்லை | குறைவு | இடம், ஒன்றாக விலகுதல் |
| சென்டர் | நிலையானது | மிகக் குறைவு | சில இடங்களில் | அனுபவச் சான்று | ஒப்பந்த நிபந்தனை, தகுதி விதி |
| ஆன்லைன் | ஏறி இறங்கும் | அதிகம் | இல்லை | குறைவு | கமிஷன், நோட்டுப் புத்தகம் தெரியாதது |
| கல்லூரிக்குள் | குறைவு | உண்டு, உங்கள் தேர்வு அட்டவணை அவர்களுக்குத் தெரியும் | உண்டு | வலுவான கடிதம் | கடைசி நாள் கூட்டம் |
| தன்னார்வம் | இல்லை | அமைப்பைப் பொறுத்தது | அமைப்பைப் பொறுத்தது | சான்று, அனுபவம் | தொடர்ச்சி |

## உங்கள் நிலைக்கு எது

கட்டணத்துக்கே பணம் தேவைப்படும் நிலையில் இருப்பவரிடம் கல்லூரிக்குள் போய்க் கற்றுக்கொள் என்று மட்டும் சொல்ல மனம் வராது. அவருக்குச் சிறு குழுதான் சரி, கூடவே வாரம் ஒரு மணி நேரமாவது துறைப் பயிற்சியில் சேர்ந்துகொள்ளட்டும். ஆசிரியர் வேலைக்கோ ஆராய்ச்சிப் படிப்புக்கோ போக நினைப்பவருக்கு ஐந்தாவது வழியில் தயக்கமே வேண்டாம். விடுதி நேரக் கட்டுப்பாட்டில் இருப்பவருக்கு ஆன்லைன் அல்லது வளாகம். முதல் ஆண்டில் இருப்பவர்கள் முதல் பருவ முடிவு வரும்வரை எதையும் ஒப்புக்கொள்ளாமல் இருப்பது நல்லது, சொந்தப் படிப்பு எவ்வளவு நேரம் கேட்கும் என்று அதற்குமுன் தெரியாது. மாணவர் விசாவில் வெளிநாட்டில் இருப்பவர் பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் கேட்டுவிட்டு அடுத்த அடி வைக்கட்டும்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் முதல் மாதத்தைச் சோதனை மாதம் என்று இரு தரப்பும் பேசிக்கொள்ளுங்கள். எந்தப் பாடம், வாரம் எத்தனை வகுப்பு, பணம் எந்தத் தேதியில், எத்தனை மணி நேரத்துக்கு முன் சொன்னால் ரத்து, விலக எத்தனை வார அவகாசம் என்று ஐந்து வரி எழுதி அனுப்பினால் போதும். உங்கள் தேர்வு அட்டவணை வந்த அன்றே அதையும் அனுப்பிவிடுங்கள், அந்த வாரங்களுக்கான வகுப்புகளை முன்கூட்டியே எடுத்து முடிக்க இருவருக்கும் நாள் இருக்கும்.